வருகைப் பதிவேடு

நவம்பரில் போகும் சூரியன்
ஜனவரியில்தான் திரும்பும் ஊர் இது.
மீன் ஆலையில் குளிரூட்டிகளின் உறுமலைக் கேட்டே
நோய் சொல்பவன் நான்.
கோவிலுக்குப் போனது சூடேற்றியைப் பழுதுபார்க்க,
ஜெபம் செய்ய அல்ல.

ஆயர் மாதம் ஒருமுறை படகில் வருவார்,
அலை விட்டால்.
மற்ற ஞாயிறுகளில் ஒட்னிதான் மணியடிப்பாள்.
அடித்துவிட்டு உள்ளே ஓடி
மூன்றாம் வரிசையில் உட்கார்வாள்.
தானே வாசிப்பாள், தானே கேட்பாள்.

தகரப் பெட்டிக்குள் தலையை விட்டுக் கிடந்தேன்.
பின்னால் ஜெபத்தைத் தொடங்கியவள்
"எங்கள்" என்ற சொல்லோடு நின்றுவிட்டாள்.
மறதியோ என்று திரும்பினேன்.
காலி இருக்கைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
"எங்கள் என்று சொல்ல ஓர் ஆள் குறைகிறது" என்றாள்,
வீட்டில் உப்பு தீர்ந்ததைச் சொல்வது போல.

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.
நம்பிக்கை என்று என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.
கிரீஸ் அப்பிய கைகளைக் குவிக்காமல்
தொங்கவிட்டபடி நின்றேன்.
ஜெபம் அந்தச் சொல்லைத் தாண்டிப் போனது.

கதவோரம் ஒரு பதிவேடு: தேதி, வந்தவர் எண்ணிக்கை.
1, 1, 1, ஆயர் வந்த நாளில் 6, மறுபடி 1.
அன்று 2 என்று எழுதினாள்.
எழுதிய இரண்டின் வாலை
தாளின் ஓரம்வரை இழுத்துவிட்டாள்.

அதன்பின் எல்லா ஞாயிறும் சூடேற்றி பழுதானது.
வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இருவரோ மூவரோ போதும் என்பதை
சிறிய கூட்டத்துக்கு ஆறுதலாகவே சொல்கிறார்கள்.
இயந்திரக்காரனுக்கு அது வெறும் கணக்கு:
எவ்வளவு பெரிய பக்திமானும்
தனியாகக் கூட முடியாது.

ஜனவரியில் என் மகள் தீரிலுக்குக் குடல்வால் வெடித்தது.
ஹம்மர்ஃபெஸ்ட், மருத்துவமனை மூன்றாம் மாடி,
சனி இரவு.
கைபேசியில் வரிசையாகச் சிவப்பு இதயங்கள்,
கூப்பிய மஞ்சள் கைகள்.
பொய்யில்லை அவை.
ஆனால் ஒன்றுகூட
பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை.
செய்தி சொல்லி அனுப்பிப் பார்த்து, அது போதாமல்
ஆளாகவே வந்தவர் என்றல்லவா
ஒட்னி அவரைச் சொல்வாள்?

பனி தள்ளும் வண்டியின் பின்னால் ஊர்ந்த பேருந்தில்
ஐந்து மணி நேரம் வந்திருக்கிறாள்.
பூட்ஸைக் கழற்றினாள்.
ஈரக் காலுறைகளைச் சூட்டுக்குழாய்மேல் காயப்போட்டாள்.
இனி வசனம் சொல்வாள் என்று பயந்தேன்.
பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப்
பாதியாகப் பிய்த்துத் தந்தாள்.
பெரிய பாதி எனக்கு.
பிறகு தூங்கிப்போனாள், வாயைத் திறந்து, குறட்டையோடு.

கெத்செமனேயில் தூங்கிய சீடர்களை
பள்ளி நாட்களிலிருந்தே எனக்குப் பிடிக்காது.
அன்றிரவு கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.
தூங்கினார்கள், சரி.
அந்தத் தோட்டத்துக்குள்தானே தூங்கினார்கள்.
ஒரு கல்லெறி தூரத்தில்
தெரிந்த மனிதரின் மூச்சுச் சத்தம்
அவருக்குக் கேட்டிருக்காதா?

விடியாத காலையில்
முகக்கவசத்தைக் கீழே இழுத்தபடி மருத்துவர் வந்தார்.
அவர் வாயைத் திறக்குமுன்
என் கையை ஒரு கை பிடித்திருந்தது.
எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை.
"கண் திறக்க மத்தியானம் ஆகும்" என்றார் அவர்.
"திறப்பாள்" என்பதை மட்டும்
இருவரும் கேட்டுக்கொண்டோம்.

அடுத்த வாரம் பதிவேட்டைப் பிரித்தாள்.
கோவில் பூட்டிக் கிடந்த ஞாயிறு
வெள்ளையாக இருந்தது.
தேதி எழுதினாள். 2 எழுதினாள்.
பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே
"மயக்கத்தில் இருந்தவளைச் சேர்க்கலாமா?" என்றாள்.
"ஆயர் கேட்டால்?"
"அலை விட்டால் வந்து கேட்கட்டும்."
இரண்டை அடித்துவிட்டு மூன்று போட்டாள்.
பக்கத்தில் பொடி எழுத்தில்: மூன்றாம் மாடி.

சூடேற்றி இருமுறை இருமி
அணைந்தது.
இந்த முறை உண்மையாகவே பழுது.