இரண்டிரண்டாய்

கடலூர் முதுநகரில்
ஐஸ் ஃபேக்டரிக்கு மேல்மாடி ஜிம்.
எடையை இறக்கி வைத்தால்
கீழே கம்ப்ரசர் ஒருமுறை இருமும்.

முத்தியால்பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறாள்
பெர்னதெத், ஆராய்ச்சி மாணவி.
பெல்ட்டைத் தண்ணீரில் நனைத்து
என் மார்பின் கீழ் கட்டுகிறாள்.
"சில்லுனு இருக்கும்க்கா."
இருந்தது.

எண்பது கிலோ. காலால் தள்ள வேண்டும். நாற்பது தடவை.

முதல் புதன்கிழமை
பத்துப் பத்தாய் நான்கு சுற்று.
ஒவ்வொரு பத்துக்கும் பிறகு மூன்று நிமிடம் பத்து விநாடி.
நான்காம் சுற்றில் ஏழுக்கு மேல்
என் முட்டிகளை யாரோ பின்னாலிருந்து ஆட்டினார்கள்.
முப்பத்தெட்டில் மகன் பெயர் மறந்தது.

அடுத்த புதன்
இரண்டு தள்ளு, அரை நிமிடம் நிறுத்து.
இரண்டு தள்ளு. நிறுத்து.
இதென்ன விளையாட்டு என்று சிரிப்பு வந்தது.
சிரித்துக்கொண்டே நாற்பதும் முடிந்தது.

கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான்,
கூட்டிப் பார்க்காமல் விடுவேனா.
அதே எடை. அதே நாற்பது.
இளைப்பாறியதும் இரண்டு நாளும் ஒன்பதரை நிமிடம்தான்,
ஒரு விநாடி கூடவில்லை.

ஆனால் பாயில் மல்லாந்து கிடந்தபோது
முதல் வாரம் அரை மணி ஆகியும்
உள்ளே தையல் மெஷின்.
திரையில் புள்ளிகள் ஒரே வரிசை,
பள்ளிக்கூடப் பிரேயர் போல.
இரண்டாம் வாரம் பத்தாவது நிமிடமே
புள்ளிகள் கலைந்தன,
ஒன்று முந்த, ஒன்று பிந்த,
மூச்சை விடும்போது கொஞ்சம் சோம்பி.

பயந்துபோய்க் கேட்டேன், தப்பா அடிக்குதா?
"ஒரே அளவா அடிச்சா
அது இன்னும் ஓடிட்டிருக்குன்னு அர்த்தம்க்கா.
முன்னப் பின்ன அடிச்சாத்தான்
வீட்டுக்கு வந்துருச்சு."
பிறகு லேப்டாப்பை மூடியபடி,
ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது,
இன்னும் பதினேழு பேர் வர வேண்டும் என்றாள்.

படியிறங்கினால் என் மேசை.
என் மேசையில் லோடு ரெஜிஸ்டர்.
அதன் கடைசிப் பத்தி: சும்மா நின்ற நேரம்.
முதலாளி கேட்டதல்ல.
போன மாதம் நானேதான்
ஸ்கேல் வைத்துச் சிவப்பில் கோடு போட்டேன்.

வெளியே படகுகளுக்கு ஐஸ் ஏறுகிறது.
கலியவரதன் இரண்டு பாளம் இழுத்துப் போடுவார்,
கொக்கியைத் தோளில் மாட்டி
உப்பனாற்றைப் பார்த்து நிற்பார்.
மறுபடி இரண்டு.
மறுபடி ஆறு.
அவருக்கு வயது ஐம்பத்தாறு.
யாரும் அவர் மார்பில் பெல்ட் கட்டியதில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கம்.
எழுத எடுத்த பேனா
கட்டத்தின் மேல் அப்படியே நின்றது.
சாயங்காலம் கைநாட்டு வைக்க வந்தவர்
வெற்றுப் பத்தியை மேலிருந்து கீழ்வரை தடவிவிட்டு
"சிவப்புப் பேனா தீந்துபோச்சா மேடம்?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்து
ஆமாம் என்றேன்.
அந்த விநாடி உள்ளே அது
எப்படி அடித்தது என்று
எந்தத் திரையிலும் பதிவில்லை.