நான்காம் தண்ணீர்

பன்னிரண்டு பேட். பதினேழு அங்குல வட்டம்.
வேன் கதவைத் திறந்ததுமே சொல்லிவிடும்
எங்கே போய் வந்ததென்று:
கிரெடிட் யூனியன் வாசல் என்றால் உப்பும் மணலும்,
வக்கீல் ஆபீஸ் என்றால் காபி,
காபிக்கு அடியில் இன்னும் பழைய காபி.

டுலூத்தில் ஜனவரி.
ஏரிக்காற்று கராஜ் கதவின் ரப்பரைத்
தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
ஈரப் பேட்டை வேனிலேயே விட்டால்
காலையில் சாப்பாட்டுத் தட்டாக விறைத்துக் கிடக்கும்.
கோடையில் விட்டால் பூஞ்சை.
ஆகவே எத்தனை மணியானாலும்
வந்ததும் வாளி.

முதல் தண்ணீர் செம்பட்டை நாயின் நிறம்.
இரண்டாவது, ஆறிப்போன டீ.
மூன்றாவதில் வாளியின் அடி தெரிந்தால்
மெஷினில் போடலாம்.
சோப்பு அரை மூடி, அதற்கு மேல் வேண்டாம்.
பிளீச் கூடாது.
டிரையரில் கொதிசூடு கூடாது, விளிம்பு அப்பளமாகச் சுருளும்.
துணியை மெத்தென்று ஆக்கும் அந்த நீல பாட்டில்
கூடவே கூடாது.
எழுதி ஒட்டியிருந்தேன், மெஷினுக்கு மேலே.

செவ்வாய்க்கிழமை நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
ஏரி உறைந்து கப்பல் நிற்கும் மாதங்களில்
ஆர்விட்டுக்குத் துறைமுகத்தில் வேலையில்லை.
என் விரல் கணுக்களின் வெடிப்பைப்
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.
பன்னிரண்டையும் துவைத்து, உலர்த்தி,
மடித்து
(வட்டத்தை யார் மடிப்பார்?)
பாதியாக, கால்வாசியாக,
பிள்ளைத் துணிபோல் அடுக்கியிருந்தான்.
எடுத்தேன். கையில் பூனைக்குட்டி.
லாவெண்டர் வாசனை.
ஒன்றும் சொல்லாமல் வேனில் ஏற்றினேன்.

பல் டாக்டர் லிண்ட்குவிஸ்டின் காத்திருப்பு அறை.
மெஷின் சுற்றியது, பேட்டும் சுற்றியது,
கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகக்
கறைமேல் போய்க் கறையைத் தொடாமல் வந்தது.
எந்தக் குழந்தையோ ஆரஞ்சு ஜூஸ் சிந்திய இடத்தில்
ஜூஸ் பெரிதானது.
புரட்டிப் பார்த்தேன்: சுத்தம்.
அடுத்தது: சுத்தம்.
பத்தொன்பது வருஷத்தில்
வேலை முடிந்து இத்தனை வெள்ளையாக
ஒரு பேட்டைப் பார்த்ததில்லை.
முட்டிபோட்டு டவலால் ஒற்றினேன்.
மூலையில் விளக்கெரியும் தொட்டியிலிருந்து
மஞ்சள் மீன் ஒன்று
வாயைத் திறந்து திறந்து மூடியது.

தாகம் போய்விட்டது, அவ்வளவுதான்.
இழைக்கு இழை மெழுகாக ஒரு பூச்சு.
சொட்டுத் தண்ணீர் விட்டால்
உருண்டு நின்று யோசித்தது.

ராத்திரி மூன்றரை.
கை பொறுக்கும் வெந்நீர், ஒரு குவளை வினிகர்.
சோப்பே போடாத மெஷினில் நுரை.
இரண்டாம் தடவையும் நுரை.
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தேன்.
சொன்னால் இனிமேல் எதையும் தொடமாட்டான்.
சொல்லாவிட்டால் இனிமேலும் துவைப்பான்.
எது மோசமென்று
மூன்றாம் தண்ணீர் வடியும்வரை தெரியவில்லை.

நான்காவது ஓடும்போது படியில் சத்தம்.
கம்பளிச் சட்டை, வெறுங்கால்.
மூக்கைச் சுளித்து,
“ஊறுகாயா போடுகிறாய்?” என்றான்.
“ஆமாம்.”
கண்ணாடி வட்டத்துக்குள் நுரையைப் பார்த்தான்.
அலமாரியில் நீல பாட்டிலைப் பார்த்தான்.
குனிந்து, மெஷினுக்குப் பின்னால் தோள்வரை கைவிட்டு
பஞ்சும் தூசுமாக ஒரு தாளை இழுத்தான்.
குளிரில் டேப் விட்டுப்போயிருக்கிறது.
ஐந்து வரிதான். வெகுநேரம் படித்தான்.

“மெத்தென்று இருந்ததே” என்றான்.
“இருந்தது” என்றேன்.

உலர மதியமாயிற்று.
கொடியில் வட்டம் வட்டமாகத் தொங்கியவற்றின் அருகே
தன் கோப்பையோடு வந்தான்.
நான் தடுப்பதற்குள்
ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுக் கறுப்புக் காபி.
பதினொன்று உடனே குடித்தன.
ஒன்று மட்டும் பிடிவாதமாக
அந்தச் சொட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தது.

அதை நாய் எடுத்துக்கொண்டது.
லாவெண்டர் மணக்கத் தூங்குகிறது.
பதினொன்றையும் காபிக்காக
மறுபடி வாளியில் போட்டேன்.
முதல் தண்ணீர் அவன் பிடித்தான்.