ஐந்து ஏன்

நார்வேயிலிருந்து திரும்பி வந்திருக்கிறது
ஒரு கனெக்டர்.
உறையைப் பிரித்ததும் மீன் வாடை.
சால்மன் பண்ணையொன்றில்
நீரின் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் வாலில்
எட்டு மாதம் தொங்கியிருக்கிறது.
நாற்பதாயிரம் மீன்கள் ஒரே இரவில்
வயிறு வெளுத்து மிதந்தன என்கிறது கடிதம்.
படம் இணைக்கவில்லை.
நல்லது.

உருப்பெருக்கியின் கீழே
ஏழாவது முள் மட்டும் அரை மில்லிமீட்டர்
உள்வாங்கி நிற்கிறது.
ஏழாவது, அபாய மணிக்கானது.
சென்சாருக்குத் தெரிந்திருந்தது.
சொல்ல வழியில்லை.

பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் படிக்கிறேன்:
மார்ச், இரண்டாம் வாரம், இரவு ஷிப்ட்,
மேசை பதினொன்று.
தெயோலிந்தா கயெய்ரு.

எவோராவைத் தாண்டி
தக்கை ஓக் மரங்களுக்கு நடுவே எங்கள் ஆலை.
பட்டை உரித்த மரங்களின் சிவந்த உடம்பில்
வெள்ளைச் சாயத்தில் ஓர் இலக்கம் எழுதியிருப்பார்கள்,
உரித்த ஆண்டின் கடைசி எண்.
ஒன்பது வருடத்துக்கு அதன்மேல் கோடரி படாது.
இந்தப் பக்கத்தில்
மரத்துக்கும் உண்டு தொகுதி எண்.
மரத்தை யாரும் திருப்பி அனுப்புவதில்லை,
அவ்வளவுதான்.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் படிவத்தில்
ஐந்து கட்டங்கள்.
ஒவ்வொன்றின் தலையிலும் அச்சிட்ட அதே சொல்: ஏன்?

ஏன் மணி அடிக்கவில்லை?
முள் பூட்டில் அமரவில்லை.
ஏன் அமரவில்லை?
கடைசிவரை அழுத்தப்படவில்லை.
ஏன் அழுத்தப்படவில்லை?
மேசை பதினொன்றுக்குப் போனேன்.

நீல மேலங்கி, தலைவலை,
வலக்கைப் பெருவிரலில் காய்ப்பு.
மீன்களைப் பற்றி நான் சொல்லவில்லை.
அவளே கேட்டாள், எத்தனை என்று.
சொன்னதும் கொஞ்ச நேரம்
கையிலிருந்த வெற்றுக் கூட்டையே பார்த்தாள்.
பிறகு சொன்னாள்:
"க்ளிக் கேட்டது, இஞ்சினியர்.
கேட்டபின்தான் கையை எடுத்தேன்.
ஆனால் பக்கத்தில் பிலிசியானாவும் அழுத்துகிறாள்.
பதினாறு வருடமாக ஒரே தாளம்.
ஒரு க்ளிக் கேட்டால்
அது யாருடையது என்று
நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை."

நான்காம் கட்டத்தில் எழுதினேன்:
அடுத்த மேசையின் ஒலியைத் தன்னுடையதென எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது.
ஏன் அடுத்த மேசை அவ்வளவு அருகில்?

போன ஆண்டு புதிய வார்ப்பு இயந்திரத்துக்கு இடம் வேண்டியிருந்தது.
மேசைகளுக்கிடையே இருந்த ஒன்றேகால் மீட்டரை
அறுபது சென்டிமீட்டராகச் சுருக்கிய வரைபடம்
என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில்தான் இருக்கிறது.
வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர்.
மூன்று இடத்திலும்
ஒத்திலியா ரமால்யு என்று
என் கையெழுத்து அழகாக விழுந்திருக்கிறது.

பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது.
ஜன்னலுக்கு வெளியே மின்கோபுரத்தின் உச்சியில்
நாரையொன்று
நானூறு கிலோவோல்ட்டுக்கு மேலே
சுள்ளியை வைத்து, எடுத்து,
மறுபடி வைத்துக்கொண்டிருந்தது.

'சுற்றுப்புற இரைச்சல்' என்று எழுதினேன்.
பொய் இல்லை.
தீர்வு: மேசைகளுக்கிடையே தடுப்பு.

திங்கட்கிழமை அக்ரிலிக் பலகைகள் வந்து இறங்கின.
இப்போது ஒவ்வொருவரும் தன்னுடையதை மட்டும் கேட்கிறார்கள்.
குறை விகிதம் இறங்கியது.
வேகமும் இறங்கியது, அதற்கு வேறு படிவம் இருக்கிறது.
நேற்று அந்த வழியே போகும்போது
பலகையின் இருபுறமும் உட்கார்ந்திருந்த இருவரும்
கண்ணாடியில் விரல் முட்டியால்
மெல்லத் தட்டிக்கொள்வதைப் பார்த்தேன்.
இடைவேளைக்கு அழைக்கிறார்களா,
வேறு எதற்கா,
தெரியாது.
நான் கேட்கவில்லை.

இரவு ஷிப்ட் வந்துகொண்டிருந்தது.
காரில் ஏறி சீட்பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.
க்ளிக்.
அதே நேரம்
அடுத்த காரின் கதவும் சாத்தியது.
கழற்றினேன்.
மறுபடி மாட்டினேன்.