முதுகு காட்டிய முக்கோணம்

மடிக்கணினி கொம்தாரில் வாங்கியது,
நானூற்றைம்பது வெள்ளி.
'கே' எழுத்தை இரண்டு முறை அழுத்த வேண்டும்.
அதன் விசிறி பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

இரவு ஷிப்டு முடித்து
பாயான் லெப்பாசிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து
குளிக்காமல் அதன் முன் உட்கார்ந்தேன்.
எனக்கு வேண்டியது ஒரு ஃபெர்ரி விளையாட்டு:
பட்டர்வொர்த் துறையில்
இடிக்காமல் கரை சேர வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?
கப்பலுக்கு முன்னால் முக்கோணம் வேண்டுமாம்.
மூன்று புள்ளி, ஒன்பது எண்.
ஓடவிட்டேன். கறுப்பு.
நிறத்தை மாற்றினேன். கறுப்பு.
பிழை என்று ஒரு வரி திட்டியிருந்தால் தேவலை.
திட்டவில்லை.
குறையேதுமில்லை என்று
பளபளத்தது கறுப்பு.

மூன்று காலைகள் இப்படி.
சுலோச்சனா மீ கோரெங் பொட்டலத்தைப் பிரித்தபடி
எட்டிப் பார்த்தாள்:
"கெட்டுப்போச்சா?"

நான்காம் இரவு, மணி இரண்டேகால்.
தட்டில் சில்லுகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பொட்டு.
பொட்டு இடப்பக்கம் வராவிட்டால்
இயந்திரம் தொடாது.
பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை.
கை பாதியில் நின்றது.

புள்ளிகளை நான்
கடிகாரம் சுற்றும் பக்கமாக அடுக்கியிருந்தேன்.
அது முக்கோணத்தின் முதுகு.
முதுகுகளை வரையாதே என்று
நான் படிக்காமல் நகலெடுத்த ஒரு வரி
மேலே உட்கார்ந்திருந்தது.
ஆக, முதல் நாளிலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது,
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றினேன்.

ஆரஞ்சு.
கூர்முனை, ரம்பப் பல்லாய் ஓரம்,
ஆனாலும் ஆரஞ்சு.

"இதுக்கா நாலு நாள் தூங்கல?"
இதுக்குத்தான், சுலோ.
தள்ளி நில், வெளிச்சம் மறைக்குது.

இப்போது முக்கோணங்கள் நான்கு.
சேர்த்துப் பார்த்தால் கப்பல் என்று
நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள்.
கடல் இன்னும் எழுதவில்லை.
மேலே போ என்றால் கீழே இறங்குகிறது,
இந்த உலகில் உயரம் தலையிலிருந்து எண்ணப்படுவதால்.

வலது அம்பை அழுத்தினேன்.
நகர்ந்தது!
துறை இருக்க வேண்டிய இடத்தைக் கடந்து,
திரையின் விளிம்பைக் கடந்து,
விரலை எடுத்த பிறகும்
போய்க்கொண்டே இருக்கிறது.
கண்ணுக்குத் தெரியவில்லை,
மூலையில் எண் மட்டும் ஏறுகிறது:
நாலாயிரத்துப் பன்னிரண்டு, பதின்மூன்று...

நிற்பதை
நாளைக்கு எழுத வேண்டும்.