மைக்கு எட்டாத நீலம்

மரிசலீன் அண்ணை வள்ளத்தைப் போனில் கொண்டுவந்தார்.
முல்லைத்தீவுக் கரை, காலமை ஆறு மணி,
மிச்சப் பெயின்றுகளை அவரே குழைத்துப் பூசிய நீலம்.
"ரெண்டடிக்கு அடிச்சுத் தாரும் தம்பி.
நிறம் மட்டும் மாறப்படாது."

காகிதத்தின் புரொஃபைலைத் திரையில் ஏற்றினேன்.
முதலில் வெள்ளை செத்தது;
அலைநுரை
வடித்த கஞ்சியாயிற்று.
பிறகு எச்சரிக்கையைத் தட்ட
அணியத்திலிருந்து எஞ்சின் வரை
சாம்பல்.
அச்சில் வராத இடமெல்லாம்
கணினி பூசிக்காட்டும் சாம்பல்.

"வள்ளம் எரிஞ்சுபோச்சோ?"
சிரித்துத்தான் கேட்டார்.
நான் சிரிக்கவில்லை.
"மைக்கு எட்டாத நீலம் அண்ணை."

இழுத்துப் பார்த்தேன், கத்தரிப்பூவுக்கு ஓடியது.
தணித்தேன். கரண்ட் நின்றது.
வந்தபின் முதலிலிருந்து.
கடைசியில் திரையில் ரெண்டு வள்ளம்:
இடப்பக்கம் அவருடையது,
வலப்பக்கம் காகிதத்துடையது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு
வலதையே கனநேரம் பார்த்தார்.
"உப்பும் வெயிலும் தின்னத் தின்ன
சோளகம் முடியேக்கை இப்பிடித்தான் நிக்கும்.
இதையே அடியும்."

ஐந்நூறு ரூபா முற்பணம்.
படியிறங்கினவர் திரும்பி வந்தார்:
"மற்றதை அழிச்சுப்போடாதையும்."