கடைசியாகத் தொட்டவர்

சத்துவாச்சாரியில் டயர்க் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் கம்பெனி.
நிரல் எழுதுகிறவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல்
வேலை செய்ய ஒரு மென்பொருள் செய்கிறோம்.
யாருக்கு என்ன வேலை, எதுவரை வந்தது,
எது யாருக்காகக் காத்துக் கிடக்கிறது.
பதினோரு பேர். ஒரே ஏசி. அதுவும்
காட்பாடிப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்.

இந்த மே மாதம் தமிழிலும் விட்டுவிடலாம் என்றார் தணிகைமலை.
சொற்கள் என் தலையில் விழுந்தன.
சோதித்துப் பார்க்கிறவள் நான்,
குறை சொல்லியே சம்பளம் வாங்குகிறவள்,
தமிழ் நன்றாக வரும் என்று நினைத்திருப்பார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
திற, மூடு, ஒப்படை, நிலுவை,
தாலுகா ஆபீஸ் பலகையிலிருந்தே பாதி கிடைத்துவிட்டது.
ஒன்றுதான் மடங்கவில்லை.
ஒரு வரியை எழுதியது யார் என்று காட்டும் பொத்தான்.
ஆங்கிலத்தில் அதன் பெயரே பழிதான்.
பழி என்றே போடு, பொத்தானில் அடங்கும் என்றான் நூருல்லா.
கைவரிசை என்றாள் ஜாய்சிலின்,
திருட்டுச் செய்தி மாதிரி இருக்கிறதென்று
அவளே அழித்தாள்.

அந்தப் புதன்கிழமை நூற்றெட்டு டிகிரி.
ஓசூர்க்காரர்களின் ஆறு மாத வேலைப் பட்டியல்
காலை பத்தரைக்குக் காணாமல் போனது.
மேசையைச் சுற்றி எல்லோரும்.
தவறு இருந்த வரி நானூற்று ஏழு.
தணிகைமலை பொத்தானை அழுத்தினார்.

கு. வேதவல்லி.

ரேஷன் கார்டில்கூட என் பெயர்
இவ்வளவு பெரிதாக இல்லை.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

நான் நிரல் எழுதுகிறவளே இல்லை.
இரண்டு வருடம் முன்பு ஒரு மதியம்
கோணலாகக் கிடந்த அந்த வரியைப் பொறுக்காமல்
நான்கு இடம் வலப்பக்கம் தள்ளிவைத்தேன்,
வழியில் கிடந்த செருப்பை ஓரமாக வைப்பதுபோல.
நான்கு வெற்றிடம்.
அதற்குத்தான் என் பெயர்.

அடுத்த அடுக்கைத் தோண்டினேன்.
நூருல்லா, ஒரு காற்புள்ளி போட்டிருந்தான்.
அதன் கீழே பெங்களூருக்குப் போய்விட்ட சரவணப்பெருமாள்,
எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தியிருந்தான்.
அதற்கும் கீழே
கம்பெனி ஒற்றை அறையாக இருந்த முதல் வருடம்,
அதிகாலை இரண்டு நாற்பது,
தணிகைமலை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதில் அழுக்கே இல்லை.

பட்டியலை ராத்திரி ஒன்பதுக்கு
ஜாய்சிலின் ஏதோ பழைய நகலிலிருந்து மீட்டாள்.
ஓசூர்க்காரர்கள் நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

கடைசி பஸ்ஸில் பாலாற்றுப் பாலம்.
மணல் போய் நாளாயிற்று,
கீழே பாறையும் சீமைக்கருவேலமும்.
இங்கே அழுத்திப் பார்க்க ஒரு பொத்தான் இருந்தால்
யார் பெயர் வரும்?
கடைசிக் கூடையை அள்ளிய கூலியாள் பெயர் வரும்.
இன்னும் தோண்டினால்
வீடு கட்ட மூன்று லோடு இறக்கிய
என் அப்பா பெயரும் வரலாம்.
அந்த வீட்டில்தான் இன்று ராத்திரி தூங்கப் போகிறேன்.

காலையில் பழியை எடுத்துவிட்டு
கடைசியாகத் தொட்டவர் என்று போட்டேன்.
நீளம், நீளம் என்று முனகிக்கொண்டே
நூருல்லா பொத்தானை அகலமாக்கினான்.
தணிகைமலை படித்தார்.
ஒப்புதல் என்பதை அழுத்தினார்,
வாயைத் திறக்காமல்.

மூன்றாம் நாள் குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான்.
மேடம், என் செல்லுல
கடைசியாகத் தொ
அப்படின்னு மட்டும் கீது. இன்னா மேடம் அது?

சின்னத் திரைகளை யாரும் சோதிக்கவில்லை.
யாரும் என்றால் நான்.
புது வேலை ஒன்று திறந்தேன்.
ஒப்படைக்கப்பட்டவர் நூருல்லா.
நிலை, நிலுவை.