ஐந்து அடுக்கு, ஒரு மூடி

யூலை ஒன்று.
மொன்றியால் முழுக்க வீடு மாறுகிற நாள்.
பிரிகிறவர்களுக்கு இதைவிட வசதியான நாள் கிடைக்காது.
மெத்தையோடு தெருவில் நிற்கும் ஆயிரம் பேரில்
யார் எதற்காக இறங்குகிறார்கள் என்று
எவரும் கேட்பதில்லை.

பவநேசன்தான் கேட்டான்:
"உருளையை என்ன செய்வம்?"

உருளை என்றுதான் சொல்வோம்.
வெள்ளைப் பிளாஸ்டிக். வட்டம். ஐந்து அடுக்கு.
அடுக்குக்கு ஒரு கதவு.
கதவுக்குக் கைபிடி இல்லை, விரல் நுழையும் ஓட்டை மட்டும்.
தள்ளினால் வளைவோடு வளைவாகச் சறுக்கி
ஒளிந்துகொள்ளும்,
கோபித்துக்கொண்டு அறைக்குள் போகிற ஆளைப்போல,
ஆனால் சத்தமில்லாமல்.

சென்-லியோனாரில் ஒரு கராஜ் விற்பனையில் வாங்கியது.
ஆணி எங்கே என்று தேடிய பவநேசனைப் பார்த்து
சவேரியோ சிரித்தார்.
ஆணி இல்லை, திருகு இல்லை, பசை இல்லை.
மிலானில் செய்தது.
ஒன்றின் விளிம்பில் மற்றது உட்காரும், அவ்வளவுதான்.
"கட்டில் வாங்கினால் கட்டில்" என்றார்.
"இது கணக்கு. கூட்டலாம், கழிக்கலாம்."
வகுத்தலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மேலடுக்கின் தரை கீழடுக்குக்குக் கூரை.
ஆகவே ஐந்துக்கும் சேர்த்து
ஒரே ஒரு மூடி.
பதினொரு வருடம் இது எங்களுக்கு உறைக்கவேயில்லை.

சோபாவுக்கும் அவன் மேசைக்கும் நடுவில் நின்றது.
மூன்று கதவு என்னைப் பார்த்தது,
இரண்டு அவனை.
என் பக்கத்தில் ஊசிநூல், பிரஷர் குளிசை,
ஹைட்ரோ பில், பழைய வீசாக் கடிதங்கள்.
அவன் பக்கத்தில் என்ன என்று
நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.
அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்திருக்கிறேன்.

எனக்கு மூன்று, அவனுக்கு இரண்டு.
மூடிக்கு இருபத்தைந்து சதக் குற்றியைச் சுண்டினோம்.
மான் விழுந்தால் எனக்கு.
மான் விழவில்லை.

இரும்புப் படி சுருண்டு சுருண்டு இறங்கும் வீடு அது.
எதிர்வீட்டார் அலுமாரியைக் கயிற்றில் கட்டி
பல்கனியால் இறக்கிக்கொண்டிருந்தார்கள்,
கீழே நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கட்டளை.
எங்கள் உருளைக்கு அந்தப் பாடு இல்லை.
வான்காரன் ஜோனல்
கைக்கு ஒன்றாக அணைத்துக்கொண்டு போனான்,
கலியாண வீட்டில் சோற்றுப் பானை தூக்குகிறவன் மாதிரி.
எது யாருடையது என்று
அவனுக்குச் சொல்ல மறந்துபோனோம்.

பார்க் எக்ஸ்டென்ஷன். மூன்றாம் மாடி.
லைட்டைப் போட்டு அடுக்கியபோதுதான் கண்டேன்,
உருளை வெள்ளை இல்லை.
ஜன்னல் வெயில் பட்ட பாதி
பால்தேத்தண்ணி நிறம்.
படாத பாதி கடையில் இருந்ததுபோலவே.
இரண்டு அடுக்கில் கறை கதவுக்கு இடப்பக்கம்.
ஒன்றில் வலப்பக்கம்.

அந்த ஒன்றைத் திறந்தேன்.
பற்றரிகள். எந்தப் பூட்டுக்கென்று தெரியாத திறப்பு.
உறை பிரிக்காத மெழுகுதிரிப் பெட்டி.

ஐஸ் மழை பெய்து கரண்ட் போன வருடம்
நாலு நாள் இருட்டில்
"நீதான் வாங்கவில்லை"
"நான் வாங்கினனான், நீதான் எங்கேயோ வைத்தனீ"
என்று போர்வைக்குள் இருந்தபடி கத்தினோமே,
அந்தப் பெட்டி.
வாங்கித்தான் இருந்திருக்கிறான்.

போன் அடித்தது. மெசேஜ்.
"உன்ர ஒண்டு இஞ்ச வந்திட்டுது. ஊசிநூல் இருக்கு. கொண்டுவரட்டா?"

மூடியோடு வா என்று எழுதி அழித்தேன்.
மெழுகுதிரி கிடைத்துவிட்டது என்று எழுதினேன்,
அதையும் அழித்தேன்.
பிறகு பார்ப்பம் என்று அனுப்பினேன்.

கறையை நேராக்கினால்
அவன் கதவு சுவரைப் பார்க்கிறது.
கதவை நேராக்கினால் கறை கோணல்.
இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன்.
கோணலாகவே இருக்கட்டும்.

சென்-லோரான் தெருக் கடையில்
மூடி தனியாகவும் வாங்கலாமாம்,
ஆறு கிழமை ஆகுமாம்.
விலை கேட்கவில்லை.

படுக்கப் போகுமுன்
புது வீட்டுத் திறப்பை வழக்கம்போல உருளைக்கு மேல் வைத்தேன்.
மேல் இல்லை.
உள்ளே விழுந்தது.